இரண்டு டன் வேண்டாம், செல்வி

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கடைக்காரர் இரண்டு டன் ஏசி எடுக்கச் சொல்கிறார், மாப்பிள்ளையும் பெரிசாகவே போட்டுவிடலாம் என்கிறார் என்று நேற்று போனில் சொன்னாய். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது நம் சின்ன அறைக்கு முதன்முதலாக ஏசி வாங்கினேன். பத்துக்குப் பதினொன்று அறை. "பெரிசாப் போட்டா சீக்கிரம் குளிரும்" என்று கடையில் சொன்னதை நம்பி இரண்டு டன் எடுத்தேன். ஐந்தே நிமிஷத்தில் குளிர்ந்தது, உடனே கம்ப்ரசர் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, "குளிருது, ஆனா உடம்பெல்லாம் கசகசன்னு இருக்கு" என்றாள். விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். மழைக்காலத்தில் காய்ந்தும் காயாமலும் எடுத்து மடித்த துணி மாதிரி இருந்தது.

ஏசி குளிர்விப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் குழாய்ச் சுருள் தொடர்ந்து குளிர்ந்திருந்தால்தான் ஈரம் அதில் படிந்து தண்ணீராக வெளியே வடியும். நம் தூத்துக்குடி கடல் காற்றுக்கு அதுதான் முக்கியம், நீ இருக்கும் சென்னைக்கும் அப்படித்தான். அந்த இரண்டு டன் ஓடியபோது வெளிக்குழாயின் கீழே வைத்த வாளியில் அடி நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். அதைக் கொடுத்துவிட்டு ஒரு டன் மாட்டிய பிறகு, விடியும்போது பாதி வாளிக்கு மேல் இருந்தது. அம்மாவும் நன்றாகத் தூங்கினாள். இப்போதைய இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்து ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் ஓர் அளவுக்குக் கீழே குறைய முடியாது.

டன் என்பது மெஷினின் எடை இல்லை. ஐஸ் வைத்துக் குளிர்வித்த காலத்துக் கணக்கு அது. சுமார் 907 கிலோ ஐஸ் ஒரு நாளில் உருக எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அதுதான் ஒரு டன்: மணிக்கு 12,000 பி.டி.யு. (சூட்டை அளக்கும் அலகு), கிட்டத்தட்ட மூன்றரை கிலோவாட்.

உன் அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. நடு மாடியாக இருந்தால் ஒரு டன்னே போதும் என்பேன். ஆனால் உனக்கு மேலே மொட்டை மாடி, சுவர் ஒன்று மேற்குப் பார்த்தது. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்த கான்கிரீட் ராத்திரிதான் கக்கும். பத்து மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பார், புரியும். அங்கே ஒரு டன் போட்டால் சித்திரை வெயிலில் ஓயாமல் ஓடியும் அறை ஆறாது. அதனால் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் எடு. அதற்கு மேல் வேண்டாம். பெட்டியில் ஒன்றரை டன் என்று போட்டிருந்தாலும் எல்லாம் ஒரே அளவு குளிர்விக்காது. எத்தனை கிலோவாட் என்று கேள். ஐந்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிக்க உங்கள் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். செலவு கம்மி, ஏசிக்கும் சிரமம் குறையும். அப்புறம், போர்டிலிருந்து தனி வயர் இழுத்துத்தான் பவர் பிளக் போட வேண்டும், பழைய வயரில் கொடுக்க விடாதே. 24, 25-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட விட்டால் போதும்.

வளைகாப்பு முடிந்து இங்கே வந்தால், நீ திரும்பும்போது கையில் பிள்ளை இருக்கும். அது படுக்கப் போகிற அறை என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நீளம், அகலம், உயரம், ஜன்னல் எந்தப் பக்கம், எல்லாவற்றையும் அளந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். நீ ஸ்டூலில் ஏறாதே, மாப்பிள்ளையை ஏறச் சொல்.

அன்புடன்,
அப்பா