சமக்குறி என்றால் 'விடையை எழுது' இல்லை

ஆசிரியருக்கு,

எக்ஸ், ஒய் எல்லாம் பெரிய வகுப்புச் சமாச்சாரம், சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்துப் பார்க்கட்டும். என் மகள் யோசிக்காமல் 12 என்று போட்டாள், அப்புறம் சந்தேகம் வந்து 17 ஆக்கினாள். கூட்டல் தெரியாமல் இல்லை. இதுவரை போட்ட கணக்கிலெல்லாம் சமக்குறிக்கு அடுத்தது விடைதானே! தராசு வரைந்து, இந்தத் தட்டில் 12, அந்தத் தட்டில் 5, இன்னும் எவ்வளவு வைத்தால் சமமாக நிற்கும் என்றதும் சட்டென்று 7 என்றாள். தெரியாத எண்ணுக்கு இப்போதைக்குக் கட்டமே போதும், எழுத்து பிறகு வரட்டும். பாடநூலில் 7 = 3 + □ என்று திருப்பிப் போட்டும் நாலு கணக்கு சேர்த்தால் என்ன?

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா