மொழிப் பட்டியலில் தமிழையும் சேருங்கள்: விளையாட்டு ஆக்குநர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கடந்த மாதம் நீங்கள் வெளியிட்ட புதுப்பிப்பில் என்னென்ன மாறின என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்தப் புதுப்பிப்போடு, எட்டு மாதமாக உங்கள் விளையாட்டுக்கு நாங்கள் மொழிபெயர்த்துச் சேர்த்த தமிழ் வரிகள் அத்தனையும் வெற்றுச் சதுரங்களாகிப் போனதையும் நீங்கள் அறிவீர்கள். அதைக் குறித்து உங்கள் உதவிப் பிரிவுக்கு நான்கு தடவை எழுதினேன். 'உங்கள் மொழி நாங்கள் வழங்கும் மொழிகளில் இல்லை' என்ற ஒரே பதில் நான்கு தடவையும் வந்தது. இல்லாததால்தான் எழுதினோம். ஐந்தாவது தடவையாக, இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எங்கள் வேண்டுகோள் ஒன்றே: விளையாட்டின் மொழிப் பட்டியலில் தமிழையும் சேருங்கள். குரல் கேட்கவில்லை, எழுத்து வரிகள் போதும்.

நான் இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள தருமபுரத்தில் ஒரு சிறிய கல்வி நிலையத்தில் கணினி கற்பிப்பவன். என் அக்காவின் மகன் தரம் 9 இல் படிக்கிறான். பள்ளிக்கூடமும் ரியூசனும் முடிந்த பிறகு, என்னுடைய பழைய மடிக்கணினியில் ஒரு மணித்தியாலம் உங்கள் விளையாட்டை விளையாடுவான். எப்போது கேடயத்தை உயர்த்துவது, எந்தப் பூதம் நெருப்புக்கு அஞ்சும், எந்தக் கிணற்றடியில் மூலிகை பறிப்பது என்பவற்றையெல்லாம் கண்ணால் பார்த்தே பழகிக்கொண்டான். எழுத்து வாசிக்காத ஒருவரையும் இவ்வளவு தூரம் கூட்டிச்செல்லும் வடிவமைப்பு உங்களுடையது என்பதை மனதாரச் சொல்கிறேன். ஆற்றங்கரை ஊருக்கு வந்து சேரும்வரை அவனுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

அந்த ஊரைப் படைத்தலைவன் வளைத்து நிற்கும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். தோணிக்காரன் தன் பிள்ளைகளையும் அயல் வீட்டுப் பிள்ளைகளையும் தானியக் களஞ்சியத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். அவர்களை என்ன செய்வது என்று தலைவன் கேட்க, திரையின் கீழே நான்கு விடைகள் தோன்றும். அவற்றுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு தேய்ந்துகொண்டே போகும். எட்டு விநாடிகள்தான். நான்கு வரியையும் எழுத்துக்கூட்டி வாசிக்க அவனுக்கு அந்த நேரம் போதாது. மூன்றாவது வரியில் 'டேக் கேர் ஒஃப் தெம்' என்றிருந்தது. ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் அவன் படித்த தொடர் அது. பார்த்துக்கொள் என்று பொருள். பிள்ளைகளைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்று நம்பி அதைத் தெரிவு செய்தான்.

தமிழிலும் 'நான் கவனித்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் அதற்குக் காப்பது, தீர்த்துக்கட்டுவது என்று இரண்டு பொருள் இருக்க முடியும். எந்தப் பொருள் என்பதை அதற்கு முன்னால் நடந்த பேச்சே காட்டிவிடும். அந்த முன்பேச்சுத்தான் அவனுக்கு விளங்கவில்லை.

அடுத்த தடவை அவன் அந்த ஊருக்குள் போனபோது தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. களஞ்சியத்தின் கதவு திறந்திருந்தது; உள்ளே சின்னஞ்சிறு செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. அவன் கிணற்றடியிலும் ஆலையின் பின்புறத்திலும் நாணற் புதர்களுக்குள்ளும் இரண்டு மாலைகள் அந்தப் பிள்ளைகளைத் தேடினான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "மாமா, அந்தப் பிள்ளையள் எங்க போட்டினம்?" என்று கேட்டான். நான் உரையாடல் பதிவை எடுத்து வாசித்து, அவன் கொடுத்த விடையின் பொருளைச் சொன்னேன். "நான் அப்பிடிச் சொல்லேல்லையே மாமா" என்றான். ஒரேயொரு சேமிப்பிடம் என்பது உங்கள் விளையாட்டின் விதி. திரும்பிப் போக வழியில்லை.

எங்கள் மண்ணில் பிள்ளைகள் எங்கே என்பது இலேசான கேள்வி அல்ல. அதே கேள்வியோடு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வந்து அமர்ந்தார்கள். அவர்களுடைய துயரை ஒரு விளையாட்டோடு ஒப்பிட எனக்கு வாய் வராது. ஆயினும் இப்படியான ஊரில் வளரும் பிள்ளை, விளங்காமல் தொட்ட ஒரு வரிக்காகக் குற்றவாளியைப் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நித்திரைக்குப் போனதைக் கண்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்து செய்த தெரிவுக்காக ஆட்டக்காரர் வருந்த வேண்டும் என்று நீங்கள் எண்ணிக் கதை எழுதியிருப்பீர்கள். அதை மதிக்கிறேன். அவன் எதையும் தெரிந்து செய்யவில்லை.

ஒரு பாத்திரமாக மாறி ஆடும் இந்த வகை விளையாட்டில் கதை வேறு, ஆட்டம் வேறு என்று பிரிக்க இயலாது. 1974 இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' மேசையைச் சுற்றியிருந்து வாயால் பேசியே ஆடப்பட்டது. அந்த வழியில் வந்ததே உங்கள் விளையாட்டும். 2015 இல் வெளிவந்த 'த விச்சர் 3' என்ற கணினி விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் பாழான வெலன் என்ற நிலத்தில், மரத்தின் அடியில் அடைபட்டிருக்கும் ஓர் ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று நாயகன் கேரால்ட் முடிவு செய்ய வேண்டும். விடுவித்தால் அநாதைப் பிள்ளைகள் தப்புவார்கள், ஓர் ஊர் அழியும். கொன்றால் ஊர் நிலைக்கும், பிள்ளைகள் போய்விடுவார்கள். அங்கே வாளுக்கு வேலை குறைவு. ஆவி சொல்வதை நம்புவதா என்று அதன் பேச்சைக் கேட்டு நிறுத்துப் பார்ப்பதே ஆட்டம். பேச்சு விளங்காதவர் அங்கே நாணயம் சுண்டிப் பார்ப்பவராகிவிடுகிறார். கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்களும், வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிப்பவர்களும் வாழும் நாடு இது. அரசன் அவசரத்தில் சொன்ன ஒரு சொல்லுக்காக மதுரை எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒரு சொல்லின் பாரத்தை நீங்கள் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை அவர்களுடைய மொழியில் காட்டினாலே போதும்.

அந்த மாலைக்குப் பிறகுதான் நாங்கள் ஏழு பேர் மொழிபெயர்க்கத் தொடங்கினோம். என்னிடம் படித்த இருவர், விசுவமடுவில் ஓர் ஆங்கில ஆசிரியை, மற்றவர்கள் உயர்தர மாணவர்கள். யார் யாரை நீ என்பது, நீர் என்பது, நீங்கள் என்பது என்பதிலேயே முதல் மாதம் போயிற்று. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். இங்கேயோ தோணிக்காரன், ஆட்டக்காரர் இயக்கும் நாயகியை முதலில் 'நீங்கள்' என்கிறான், நம்பிக்கை வந்த பிறகு 'நீர்' என்கிறான். இறுதியில் அவளைச் சபிக்கும்போது 'நீ' என்கிறான். அந்த மூன்று சொல்லில் அவர்களுடைய உறவு முழுவதும் வந்துவிட்டது என்று ஆசிரியை சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்தது. பொருட்களின் பெயர்கள் இன்னொரு தொல்லை. உங்கள் நிரல் பெயரை ஓர் இடத்திலும் வேற்றுமை உருபை இன்னோர் இடத்திலும் எடுத்து ஒட்டுவதால் 'வாள்ஐ எடுத்தாய்' என்று திரையில் வந்தது. 'எடுத்த பொருள்: வாள்' என்று வரிகளையே மாற்றி அமைத்துத் தப்பினோம். கூலியில்லாமல், வேலைக்கும் படிப்புக்கும் இடையில், இப்படி 4,000 வரிக்கு மேல் முடித்திருந்தோம்.

எழுத்து உடைவதையும் சொல்ல வேண்டும். 'கொ' என்று எழுதினால் ககரத்தின் இரு பக்கமும் குறி நிற்க வேண்டும். உங்கள் இயந்திரம் குறி முழுவதையும் பிரித்து, ஒரு புள்ளிவட்டத்தைச் சுமக்கவைத்து, வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. நாங்கள் உயிர்மெய் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த எழுத்துரு ஒன்றைச் செய்து அதைச் சமாளித்தோம். உங்களுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கான கணினித் தரமான யுனிகோடின், 1991 இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரற்றொகுதியும், நோட்டோ தமிழ் எழுத்துருவும் இலவசமாகவே கிடைக்கின்றன. சந்தையில் கிடைக்கும் விலை குறைந்த திறன்பேசியே தமிழைப் பிழையின்றிக் காட்டும்போது, மலையையும் மழையையும் மயிர்க்கால்வரை தத்ரூபமாக வரைந்து காட்டும் உங்கள் இயந்திரத்தால் ஒரு கொம்பையும் ஒரு காலையும் உரிய இடத்தில் வைக்க இயலவில்லை என்பதை நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்?

தமிழில் வாங்குவோர் குறைவு என்று நீங்கள் எண்ணலாம். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. உங்கள் விலையோ எந்த நாட்டுக்கும் டொலரில் ஒன்றாகவே நின்றது. அந்த விலையையும் கொடுத்தே வாங்கியிருக்கிறேன், இரசீது என்னிடம் இருக்கிறது. முழு விலை கொடுத்தவனுக்கு அரைக் கதை கொடுப்பது நியாயம்தானா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். கோபத்தில் எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். விலையைப் பற்றிய முறைப்பாடு இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இன்றைக்குக் கேட்பது மொழி ஒன்றையே.

'த விச்சர்' ஐ ஆக்கியவர்கள் எங்கே தொடங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1994 இல் போலந்தில் தொடங்கிய சிடி புரொஜெக்ட் நிறுவனம், சொந்தமாக விளையாட்டு ஆக்குவதற்கு முன்னர், பிறர் ஆக்கிய விளையாட்டுகளைத் தன் மக்களின் மொழிக்குக் கொண்டுவந்து விற்றது. 1999 இல் 'போல்டர்ஸ் கேட்' ஐப் போலிஷ் மொழியில், நடிகர்களின் குரலோடு கொண்டுவந்தபோது அங்குள்ள மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். போலிஷ் பேசுவோர் ஏறக்குறைய 4 கோடிப் பேர். தமிழ் பேசுவோர் 7 கோடிக்கு மேல். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சி மொழி. இதற்கு மேலும் கணக்குக் காட்டி எங்கள் மொழிக்காக மன்றாட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: மொழிப் பட்டியலில் தமிழையும் சேருங்கள். நாங்கள் முடித்த வரிகளை எவ்விதக் கட்டணமும் உரிமையும் கோராமல் உங்களிடம் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம். பிழையிருந்தால் திருத்தித் தருவோம், மிகுதியையும் எழுதித் தருவோம். அதற்குக் காலம் வேண்டுமென்றால், புதுப்பிப்புக்கு முன்னர் இருந்ததுபோல எங்கள் கோப்புகள் திறக்கும்படியாவது இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தானியங்கிப் பதில் வேண்டாம். ஒருவர் வாசித்து, ஆம் என்றோ இல்லை என்றோ இரண்டு வரி எழுதினாலும் போதும்.

அக்காவின் மகன் தன் ஆட்டத்தை அழிக்கவில்லை. தமிழ் வரிகள் வந்ததும் முதலிலிருந்து தொடங்கப் போகிறானாம். அதுவரை அந்தக் கவிழ்ந்த தோணிக்குப் பக்கத்தில் நாயகியை நிறுத்தி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கணினி ஆசிரியர் ஒருவர்,
தருமபுரம், கிளிநொச்சி.