12 வயதில் 'தொடர் நாயகன்' எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் நடக்கும் சிறுவர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளின் படங்கள் சில வாரங்களாக உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் தொடர்ந்து வருகின்றன. நடுவில் ஒரு சிறுவன், கையில் அவன் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு கிண்ணம், பக்கத்தில் பிரதம விருந்தினர், கீழே 'தொடர் நாயகன்' என்றோ, அதிக கோல் அடித்தவனுக்குரிய 'தங்கப் பாதணி' என்றோ ஒரு வரி. போன வருடம் அப்படியொரு படத்தில் நின்றவன் என் மகன். விருது கிடைக்காத பிள்ளையின் தாய் எழுதினால் பொறாமையில் எழுதுகிறாள் என்பார்கள். நான் விருது கிடைத்த பிள்ளையின் தாய். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனிநபர் விருது வேண்டாம் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி அது. மாற்று வீரர்களோடு சேர்த்து எங்கள் அணியில் பத்துப் பிள்ளைகள், எல்லாரும் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கம். வீட்டில் தமிழ் பேசுகிறவனும் சிங்களம் பேசுகிறவனும் மைதானத்தில் இரண்டையும் கலந்து பேசிக்கொள்வார்கள். காலை ஏழரைக்கே மைதான ஓரத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கிண்ணங்களை அடுக்கிவிட்டார்கள். அணிக்குரிய கிண்ணத்தைவிடச் சிறந்த வீரருக்குரிய கிண்ணம் உயரமாக இருந்தது. பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் இருப்பார்களா? தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அவர்களுடைய கண் அந்த மேசையில்தான் இருந்தது.

இறுதி ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். கோல் அடித்தது என் மகன். அந்தக் கோல் எப்படி வந்தது என்பதையும் நான் பார்த்தேன். வலப்பக்கம் ஆடும் சின்னப் பையன் இரண்டு பேரைக் கடந்து கோட்டோரம் வரை ஓடி, பந்தைத் திருப்பி நடுவுக்குத் தட்டிவிட்டான். வெறுமையாகக் கிடந்த கோலுக்குள் என் மகன் அதைத் தள்ளினான், அவ்வளவுதான். கடைசி ஐந்து நிமிடத்தில் எங்கள் கோல் காப்பாளர் பையன் இரண்டு பந்துகளைப் பாய்ந்து தடுத்தான். அதில் ஒன்றில் முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. பரிசளிப்பில் சிறந்த வீரர் கிண்ணமும் அதிக கோல் கிண்ணமும் என் மகனுக்கே வந்தன. மற்ற ஒன்பது பேரும் கை தட்டினார்கள். கோல் காப்பாளர் பையன் கையுறையைக் கழற்றாமலே தட்டினான். அந்தக் கைதட்டலில் சத்தம் வரவில்லை.

எனக்கு அன்று பெரிய மகிழ்ச்சி. படத்தைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினேன்.

இரண்டு மாதம் போனபின் ஒரு சனிக்கிழமைப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஒரு பையன் தனியாக நின்று கை காட்டுகிறான். என் மகன் குனிந்த தலை நிமிராமல் மூன்று பேருக்கு நடுவே பந்தைக் கொண்டுபோய் இழக்கிறான். திரும்பத் திரும்ப அதுதான் நடந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "ஏன் மகன் பாஸ் குடுக்கிறதில்ல?" என்று கேட்டேன். "பாஸ் குடுத்தா அவன் கோல் அடிப்பான் அம்மா. பிறகு கப் அவனுக்குத்தானே?" என்றான். கள்ளமில்லாமல், கணக்குச் சொல்வதுபோல் சொன்னான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது மேசையில் இருந்த கிண்ணம்தான். அதைப் பெருமையாகப் படம் பிடித்து அனுப்பியவள் நான்.

அந்த வலப்பக்கப் பையன் அதற்குள் பயிற்சிக்கு வருவதை நிறுத்தியிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அவனுடைய தாயைக் கண்டேன். பள்ளிக்கூட வேலை கூடிவிட்டதாம். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

என் அண்ணன் இளமையில் கொம்பனித்தெரு சிட்டி லீக் மைதானத்தில் இடது பின்களத்தில் ஆடியவர். ஒரு விருதும் வாங்கியதில்லை. என் மகனின் விடயத்தை அவரிடம் சொன்னபோது அவர் பெரியவர்களின் விருதுகளைத்தான் உதாரணம் காட்டினார். வருடத்தின் சிறந்த உதைபந்தாட்ட வீரருக்கான பலோன் டோர் விருது 1956 முதல் கொடுக்கப்படுகிறது. இத்தனை வருடத்தில் அதைப் பெற்ற ஒரே கோல் காப்பாளர் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின், அதுவும் 1963இல். பின்கள வீரர்கள் என்று பார்த்தால் பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். உலகமே பார்க்கும் ஆட்டங்களை வருடம் முழுக்கப் பார்த்து வாக்களிப்பவர்களின் கண்ணே கோல் அடிப்பவன் பக்கம்தான் போகிறது என்றால், ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு குட்டி ஆட்டங்களை அரைகுறையாகப் பார்த்துவிட்டு மாலையில் பெயர் எழுதிக் கொடுக்கும் நம் ஏற்பாட்டாளர்கள் வேறு என்ன செய்வார்கள்? அவர்களில் பெரும்பாலோர் சொந்தப் பணத்தையும் விடுமுறையையும் செலவழித்துப் பிள்ளைகளுக்காக ஓடித் திரிகிறவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஏழு பேர் சேர்ந்து ஆடிய ஆட்டத்திலிருந்து ஒருவனை மட்டும் பிரித்தெடுப்பது யாராலும் நேர்மையாகச் செய்ய முடியாத வேலை.

2002 உலகக் கிண்ணத்தில் தொடரின் சிறந்த வீரருக்கான 'தங்கப் பந்து' ஜெர்மனியின் கோல் காப்பாளர் ஒலிவர் கானுக்குப் போனது. இறுதி ஆட்டம் வரை அவர் விட்ட கோல் ஒன்றே ஒன்று. இறுதி ஆட்டத்திலோ ரிவால்டோ அடித்த பந்து அவர் கையிலிருந்து நழுவ, ரொனால்டோ அதைக் கோலாக்கினார். பிரேசில் 2-0 என்று வென்றது. வாக்கெடுப்பு இறுதி ஆட்டத்துக்கு முன்பே முடிந்திருந்தது. தோற்ற அணியின் தலைவராக நின்ற அந்த மனிதருக்கு அந்த விருது என்ன ஆறுதலைத் தந்திருக்கும் என்று அண்ணன் கேட்டார். என் மகன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொன்றையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகன் பிறந்தது ஜனவரியில். அந்த வலப்பக்கப் பையன் பிறந்தது நவம்பரில். இருவரும் ஒரே வயதுப் பிரிவு. முப்பது வயதில் பத்து மாதம் ஒரு பொருட்டில்லை. பதினொரு வயதில் அது உயரம், எடை, கால் பலம் எல்லாவற்றிலும் தெரியும். கனடாவில் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் எண்ணிப் பார்த்து 1985இல் வெளியிட்டார்கள். வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அணிகளில் நிறைந்திருந்தார்கள். பின்னர் உதைபந்தாட்டத்திலும் பல நாடுகளில் இதையே கண்டார்கள். மூத்த பிள்ளை முதலில் பிரகாசிக்கிறான், அவனுக்கு விருது, கூடுதல் கவனம், கூடுதல் ஆட்ட நேரம். இளையவன் 'எனக்கு வராது' என்று விலகிவிடுகிறான். பதினாறு வயதில் அவன் இவனைவிட நன்றாக ஆடக்கூடும், அதைப் பார்க்க அவன் மைதானத்தில் இருக்க வேண்டுமே. என் வீட்டு அலுமாரியின் மேல் இருக்கும் கிண்ணங்களில் ஒரு பங்கு என் மகனுடைய பிறந்த தேதிக்குக் கிடைத்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

பரிசு இருந்தால்தானே பிள்ளைக்கு ஊக்கம் என்று பலர் சொல்கிறார்கள். 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியில் மார்க் லெப்பர் முதலான மூவர் செய்த ஆய்வொன்று இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. படம் வரைவதில் ஏற்கனவே விருப்பமுள்ள பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அவர்கள் தாமாக விளையாடும் நேரத்தைக் கவனித்தபோது, முன்கூட்டியே சொல்லி வாங்கிய பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு விருப்பம் குறையவில்லை. இதை வாசித்தபோது எனக்கு அந்த வெள்ளைத் துணி மேசைதான் நினைவுக்கு வந்தது.

விருது இல்லாமல் நல்ல வீரன் வரமாட்டான் என்பதையும் கேட்டிருக்கிறேன். நோர்வே 1987இலேயே சிறுவர் விளையாட்டுக்குத் தனி விதிகள் வகுத்த நாடு. இன்றுள்ள விதிப்படி, சிறு வயதுப் போட்டிகளில் புள்ளிப் பட்டியல் போடுவதில்லை, பரிசு கொடுப்பதென்றால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். ப்ரைன் என்ற சிற்றூரில் அப்படி வளர்ந்த எர்லிங் ஹாலண்ட், இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் தன் முதல் பருவத்திலேயே, 2022-23இல், 36 கோல் அடித்தார். சிறு வயதில் கிண்ணம் கிடைக்காததால் அவருடைய கோல் பசி குறைந்துபோகவில்லை.

இங்கே சான்றிதழுக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியாததல்ல. நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோகும் கோப்பு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. தான் படித்த பள்ளியில், பழைய மாணவர் பிரிவில் தன் பிள்ளைக்கு முதலாம் வகுப்பு அனுமதி கேட்கும்போதுகூட, தகப்பன் பள்ளிக்காலத்தில் விளையாட்டில் சாதித்ததற்குப் புள்ளி போடும் நாடு இது. ஆகவே சான்றிதழ் கொடுங்கள். அணியாக என்ன சாதித்தார்கள் என்பதை எழுதி, அணியில் இருந்த ஒவ்வொருவனுக்கும் கொடுங்கள். வென்ற அணிக்குக் கிண்ணமும் கொடுங்கள். வெற்றி தோல்வியை மறைக்கச் சொல்லவில்லை, தோற்றால் அழட்டும். அந்த அழுகையைப் பத்துப் பேரும் சேர்ந்து அழுவார்கள். பதினாறு, பதினெட்டு வயதுப் பிரிவுகளில் தனிநபர் விருது இருக்கட்டும், அந்த வயதில் அதைத் தாங்கும் மனம் வந்திருக்கும். அங்கேயும் கிண்ணங்களைக் காலையிலேயே காட்சிக்கு வைக்காமல் இருந்தால் நல்லது. கோல் காப்பாளரையும் பின்கள வீரரையும் மறக்காமல், எதிரணிப் பிள்ளைகளிடமே யாரை எதிர்த்து ஆடுவது கடினமாக இருந்தது என்று கேட்டுத் தெரிவு செய்தால் இன்னும் நல்லது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. 12 வயதுக்குட்பட்டோர் போட்டிச் செய்திகளுக்குத் தனிப் படம் போடாதீர்கள். அணிப் படம் போடுங்கள், மாற்று வீரர்கள் உட்பட அத்தனை பேரின் பெயரும் இருக்கட்டும். இடம் போதாவிட்டால் பிரதம விருந்தினரின் பெயரை விட்டுவிடலாம்.

வரும் மாதம் மகனுடைய அணிக்கு இன்னொரு சுற்றுப்போட்டி இருக்கிறது. தனி விருது எதற்கும் அவனுடைய பெயரை எடுக்க வேண்டாம் என்று பயிற்றுவிப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் மகனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவன் திரும்ப வருவானா அம்மா?" என்றான். வலப்பக்கப் பையனைத்தான் கேட்டான். இந்த ஞாயிறு அவனுடைய வீட்டுக்கு இரண்டு பேரும் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.