‘கலா’வில் ஒலிப்பது உறுமி மேளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் புகழ்பெற்ற தமிழ்க் கலைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், எம்.ஐ.ஏ. என்று அறியப்படும், இலங்கைத் தமிழ் வழிவந்த லண்டன் பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தின் ‘கலா’ இசைத்தொகுப்புக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடல் இடம்பெற்றதால்தான் அத்தொகுப்பு கவனிக்கப்பட்டது என்றும், அதில் ‘இந்தியத் தாளங்களின் சாயல்’ உண்டு என்றும் அந்தப் பத்தி கூறுகிறது. முதற்கூற்று காலவரிசைக்குப் பொருந்தாது. இரண்டாவது, தமிழ் நாளிதழ் ஒன்று எழுதியிருக்க வேண்டாதது.

‘கலா’ 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் பில்போர்ட் தொகுப்புப் பட்டியலில் 18ஆம் இடத்திலும் பிரிட்டனில் 39ஆம் இடத்திலும் நுழைந்த அதை விற்பனையில் பெருவெற்றி என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவ்வாண்டின் இறுதியிலேயே ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அதனை ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஒரு நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தின் வழியாகப் பரவி, அமெரிக்கத் தனிப்பாடல் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியதும், டேனி பாயில் இயக்கிய ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ திரைக்கு வந்ததும் 2008இல்தான். விமர்சகர்களின் பாராட்டு முன்னே வந்தது. திரைப்படத்தின் துணை பின்னால் வந்தது.

இத்தொகுப்பு உருவான விதத்தைக் கட்டுரை தொடவே இல்லை. தந்தையின் பெயரில் 2005இல் ‘அருளர்’ தொகுப்பை வெளியிட்ட மாதங்கி, தாயின் பெயரைச் சூட்டிய இரண்டாவது தொகுப்பை அமெரிக்காவில், டிம்பலாண்ட் போன்ற முன்னணித் தயாரிப்பாளர்களுடன் உருவாக்கத் திட்டமிட்டிருந்தார். 2006இல் அந்நாட்டின் விசா அவருக்கு மறுக்கப்பட்டது. அதனால் லண்டனைச் சேர்ந்த ஸ்விட்ச் என்னும் தயாரிப்பாளரை முதன்மைக் கூட்டாளியாகக் கொண்டு, இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று நாடு நாடாகச் சென்று அந்தந்த இடத்தின் ஒலிகளைச் சேர்த்தார். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் குரல் ஒரு பாடலிலும், நைஜீரிய வழிவந்த லண்டன் இளைஞர் ஒருவரின் குரல் இன்னொன்றிலும் கேட்பது இப்படித்தான். குடியேறி வருபவர்களைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கேலி செய்யும் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலுக்கும் அந்த விசா அலைச்சலே விதை. அதன் பின்னணியில் ஓடுவது, குடியேறிகளின் அவலத்தைப் பாடிய ‘தி கிளாஷ்’ குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலின் துண்டு. பல்லவியில் வரும் துப்பாக்கிச் சத்தத்தை எம்.டி.வி. மழுங்கடித்து ஒளிபரப்பியது தனிக்கதை.

சென்னைக்கு வந்த மாதங்கிக்கு ஏ.ஆர். ரஹ்மான் தம்முடைய ஒலிப்பதிவுக் கூடத்தையும் இசைக்கலைஞர்களின் தொடர்புகளையும் தந்து உதவினார். அங்கே பதிவானவற்றுள் முதன்மையானது நம் ஊர் உறுமி மேளம். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாடல்கள் அந்த மேளத்தின் மீதே நிற்கின்றன. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகலை மேற்கத்திய டிரம்ஸ் தரமுடியாது; அதைப் பின்னணி ஓசையாக அடக்காமல், காதை அடைக்கும் அளவுக்கு முன்னே தள்ளியதே இத்தொகுப்பின் துணிச்சல். ‘பேர்ட் ஃப்ளூ’வை முதல் முறை கேட்டபோது தெருமுனையில் அம்மன் கோயில் கொடை தொடங்கிவிட்டதோ என்று நான் சன்னலைத் திறந்து பார்த்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அப்பாடலில் ‘ஜெயம்’ படத்துக்காக ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த ‘திருவிழான்னு வந்தா’ பாடலின் துண்டும், தொகுப்பின் முதற்பாடலில் ‘தளபதி’க்காக இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் துண்டும் எடுத்தாளப்பட்டுள்ளன. ‘ஜிம்மி’ பாடல் மட்டும் பப்பி லஹிரியின் இந்திப் பாடலிலிருந்து வந்தது. மற்றவை அனைத்தையும் ‘இந்தியத் தாளம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது லண்டன் விமர்சகருக்கு மன்னிக்கத்தக்க பிழையாக இருக்கலாம். உறுமிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு அப்படி இல்லை.

இத்தொகுப்பை நம்மவர்களில் பலர் திரும்பிப் பார்த்ததே 2009 பிப்ரவரியில், இலங்கையின் வன்னியில் போர் உச்சத்தில் இருந்த நாள்களில், நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் தோன்றியபோதுதான். அதன் பிறகு பேச்செல்லாம் அவருடைய அரசியல் நிலைப்பாட்டைச் சுற்றியே அமைந்தது. அந்த விவாதம் தேவையற்றது என்று நான் கருதவில்லை. அவரே அதை விரும்பி ஏற்றார். எனினும் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பாடல்களைக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு. தங்கள் கட்டுரையிலும் ஒரு பத்தியில் பாதி அந்தச் சர்ச்சைக்கே போய்விட்டது.

இக்கட்டுரை தொடராக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் மேற்கண்ட காலவரிசைப் பிழையைத் திருத்துவதோடு, ‘இந்தியத் தாளங்கள்’ என்ற இடத்தில் ‘உறுமி மேளம்’ என்று அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
திருநெல்வேலி.