வண்டிக்கு ஆள் வளர முடியாது: மோட்டார் சைக்கிள் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் இறக்குமதி செய்கின்ற, விற்கின்ற, சேர்விஸ் பார்க்கின்ற மதிப்பிற்குரிய ஐயாமாருக்கு,

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் காட்சியறையில் நான் பணம் கட்டி முடிக்கும்வரை இதை ஒருவரும் கவனிக்கவில்லை. கட்டிய பிறகுதான் அண்ணாந்து பார்த்தீர்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறக்கும்வரை காத்திருந்து, நெடுந்தூரம் ஓடவென்றே ஒரு வண்டி வாங்கினேன். விலையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

போன மாதம் அதில் கொழும்புக்குப் புறப்பட்டேன். ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கந்தளாய் வரை ராசா மாதிரித்தான் போனேன். குளத்தைத் தாண்டியதும் முழங்கால் முறைப்பாடு வைக்கத் தொடங்கியது. சீற் தாழ்வு, கால் வைக்கும் கட்டை உயரம். என் கால் மடிந்து, முழங்கால் டாங்கியின் விளிம்பில் முட்டியபடியே வந்தது. ஹாண்டிலும் எனக்குத் தாழ்வு, முன்னுக்கும் தள்ளி. அதை எட்டிப் பிடிக்க முதுகு வளைகிறது. வளைந்த உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்குகிறது. கல்லோயா சந்தியை நெருங்கும்போது இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. நின்று உடம்பை முறிக்கலாம் என்றால், அது யானை கடக்கும் பகுதி. யானைக்கு என் முதுகுவலியைப் பற்றி என்ன கவலை? மிச்சமிருந்த இரண்டு விரலால் கிளச்சை இழுத்து இழுத்து ஹபரணை வரை போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு தேநீர்க்கடை வாசலில் இறங்கினேன். நிமிர முடியவில்லை. கடைக்காரப் பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டு, என் தோளைப் பிடித்து இருத்தினார். அவருக்கு எழுபது வயதிருக்கும். எனக்கு நாற்பத்தொன்று.

திரும்பி வந்ததும் வாங்கிய இடத்துக்கே போய்ச் சொன்னேன். ஹாண்டிலில் கைவைத்தால் வாறண்டி போய்விடும் என்றார்கள். கொம்பனி கொடுத்த அளவுதான் சரியான அளவு என்றார்கள். கடைசியாக ஒரு தம்பி சிரித்தபடியே கேட்டார்: "அண்ணை, நீங்கள் இவ்வளவு வளர்ந்ததற்கு நாங்கள் என்ன செய்யிறது?" மரியாதையாகத்தான் கேட்டார். நானும் மரியாதையாகத்தான் வெளியே வந்தேன்.

பிறகு நான் செய்தது முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். லேத்தில் 50 மில்லிமீற்றர் உயரத்துக்கு இரும்புத் துண்டு கடைந்து ஹாண்டிலுக்கு அடியில் வைத்தேன். முதுகு நிமிர்ந்தது. ஆனால் கேபிள் பழைய நீளம்தானே? பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹாண்டிலை முழுதாக ஒடித்துத் திருப்பியபோது அக்சிலேற்றர் கேபிள் இழுபட்டு, நான் முறுக்காமலே எஞ்சின் உறுமியது. முன்னால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். கிளச் கைக்குள் இருந்ததால் வண்டி பாயவில்லை. அன்றிரவே துண்டுகளைக் கழற்றிவிட்டேன்.

அதனால் கேட்கிறேன்: வண்டியை ஒப்படைக்கும் முன், ஓட்டப்போகிறவரை அதன்மேல் இருத்தி, ஹாண்டிலையும் சீற்றையும் அவர் உடம்புக்குப் பொருத்தித் தாருங்கள்.

இது பெரிய வேலையில்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஹாண்டிலைப் பிடித்திருக்கும் போல்டுகளைத் தளர்த்தி, சற்றே பின்னுக்கு உருட்டினால் கைப்பிடி கிட்ட வரும். ஒரு சதமும் செலவில்லை. கூடவே கிளச், பிறேக் லீவர்களையும் மணிக்கட்டு மடியாதபடி முன்கைக்கு நேராகத் திருப்பிவிட வேண்டும். அது போதாதென்றால் ஹாண்டிலுக்கு அடியில் வைத்து உயர்த்தும் துண்டு, ரைசர், இருக்கிறது. ஹாண்டில் குழாயின் தடிப்பு 22 மில்லிமீற்றரா 28 மில்லிமீற்றரா என்று பார்த்து, 20 அல்லது 30 மில்லிமீற்றர் உயர்த்தினால் பல வண்டிகளில் பழைய கேபிளே எட்டும். எட்டுகிறதா என்று எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டால் சரி. அதற்கு மேலே போனால் நீளக் கேபிளும் நீளப் பிறேக் ஹோஸும் வேண்டும். ஹோஸ் மாற்றினால் அதற்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கவும் வேண்டும். இதையெல்லாம் என்னைப் போன்றவன் லேத் கடையில் பரீட்சித்துப் பார்ப்பது நல்லதா?

சீற்றும் அப்படித்தான். குஷன் கடையில் மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்தால் அரை மணித்தியாலத்தில் அமுங்கி, பழைய பள்ளத்துக்கே வந்துவிடும். கெட்டியான ஃபோம் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: சீற்றை மட்டும் உயர்த்தினால் முழங்காலுக்கு நிம்மதி, ஆனால் ஹாண்டில் இன்னும் தாழ்ந்துபோகும், குனிவு கூடும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கால் கட்டையை இறக்கலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். இறக்கினால் வளைவில் சரியும்போது அது தெருவில் உரசும்.

கொம்பனி அளவுதான் சரி என்கிறீர்களே, சில கொம்பனிகளே அளவை மாற்றும்படிதான் வண்டி செய்கின்றன. றோயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450இன் சீற்றை 825 மில்லிமீற்றரிலிருந்து 845க்கு உயர்த்தலாம். ஹொண்டாவின் ஆபிரிக்கா ட்வினில் 850, 870 என்று இரண்டு உயரம். உயரமான மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்ற செய்தி தொழிற்சாலைக்குப் போய்விட்டது, திருகோணமலைக்குத்தான் இன்னும் வரவில்லை.

இந்த நாட்டில் எனக்கென்று அளவெடுத்துச் செய்தது ஒன்றுமில்லை. கொழும்பு பஸ்ஸில் முழங்காலை எங்கே வைப்பது என்று நடத்துனருக்கும் தெரியாது. கல்யாண வீட்டு மாவிலைத் தோரணம் சரியாக என் நெற்றிக்குத்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் நூறு ரூபாய் மிச்சம்பிடிக்கக் கணக்குப் பார்க்கும் எங்கள் தெருத் தையல்காரர்கூட, காற்சட்டைத் துணியில் கத்தரிக்கோல் வைக்கும் முன் நாடாவை எடுத்து என் காலை அளக்கிறார். காற்சட்டை இறுகினால் விபத்து நடக்காது. இருந்தும் அளக்கிறார்.

சரி, தோரணத்துக்கும் பஸ்ஸுக்கும் நீங்கள் பொறுப்பில்லை. கோபத்தில் வழி மாறிவிட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: ஓட்டுபவரை இருத்திப் பாருங்கள், பொருத்தித் தாருங்கள். உங்கள் ஆட்களே அளவோடு பொருத்திய ரைசருக்கு வாறண்டியை வெட்டாதீர்கள். கால் நிலத்தில் எட்டாமல் பெருவிரலில் நிற்பவர்களுக்கும் இதே தயவைச் செய்யுங்கள், அவர்கள் பாடு என்னுடையதைவிட மோசம்.

வரும் சனிக்கிழமை வண்டியின் முதலாவது சேர்விஸுக்கு வருகிறேன். போல்டுகளைத் தளர்த்த அலன் கீ தொகுதியை நானே கொண்டுவருகிறேன். பத்து நிமிடமும், வாறண்டிப் புத்தகத்தில் ஒரு கையெழுத்தும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்,
உப்புவெளி.