லாட்ஜ், ஹோம்ஸ்டே கீசர்களை யாராச்சும் ஒருத்தர் செக் பண்ணணும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
கொடைக்கானல்ல பிளம்பிங், கீசர் வேலை பாக்குற தொழிலாளி. பேரு, விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் மனுவோட பின்பக்கம் எழுதிருக்கேன்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், திண்டுக்கல்.

பொருள்: கொடைக்கானல் லாட்ஜ், ஹோம்ஸ்டேகள்ல வாட்டர் ஹீட்டர் மாட்டுறதுக்கு ஒரு செக்கிங் வேணும்னு கேட்டு.

ஐயா, வணக்கம். மனு எழுதிப் பழக்கமில்ல, பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. 22 வருசமா பைப்பு வேலையும் கீசர் மாட்டுற வேலையும்தான், நாயுடுபுரத்துல இருந்து வட்டக்கானல், வில்பட்டி, பெருமாள்மலை வரைக்கும் நான் உள்ள போகாத லாட்ஜ் கம்மி.

போன மார்கழில ஒரு ஹோம்ஸ்டேல இருந்து ஃபோன் வந்துச்சு, பாத்ரூம் தாழ்ப்பாள் பேந்துருச்சு வந்து மாத்திட்டுப் போன்னு. போய்ப் பாத்தா அது தானா பேரல, உடைச்சிருக்காங்க. முந்தின நாள் காலைல குளிக்கப் போன பொண்ணு ரொம்ப நேரமா சத்தமே காணோம்னு வீட்டுக்காரர் கதவ ஒடச்சிருக்கார், உள்ள தரையில மயங்கிக் கெடந்திருக்கு. ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சதும் தெளிஞ்சிருச்சாம், அந்தப் பொண்ணுக்கு ஆயுசு கெட்டி. செவுத்துல பாத்தா கேஸ் கீசர், புகைக்குழாயே கெடையாது, மேல இருந்த வெண்டிலேட்டர குளிர் வரக்கூடாதுன்னு தெர்மாகோல் வச்சு டேப் ஒட்டி அடைச்சிருக்காங்க. இத மொதல்ல கழட்டி வெளிய மாட்டணும்னேன், சீசன் முடியட்டும் நீ தாழ்ப்பாள மாத்துன்னாங்க. மாத்திக் குடுத்துட்டு காசு வாங்கிட்டு வந்துட்டேன், அது இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு, இந்த மனுவுக்குக் காரணமே அதுதான்.

கணக்கு ரொம்ப சிம்பிள் ஐயா. ஒரு கிலோ கேஸ் சரியா எரிய 12, 13 கன மீட்டர் காத்து வேணும், 5க்கு 6 அடி பாத்ரூம்ல மொத்தமே 7 கன மீட்டர்கூட இருக்காது. அதுலயும் எங்க ஊரு 7000 அடி உசரம், கீழ இருக்குற காத்துல அஞ்சுல ஒரு பங்கு இங்க கம்மி. காத்து பத்தலன்னா அடுப்பு அணையாது, எரியும், ஆனா கார்பன் மோனாக்சைடக் கக்கிக்கிட்டே எரியும். கேஸ் லீக்கானா நாத்தத்துல கண்டுபிடிச்சிடலாம், ஏன்னா வாடைக்குன்னே அதுல மருந்து கலக்குறாங்க. இந்த விசத்துக்கு வாடையும் இல்ல நெறமும் இல்ல, ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல ரத்தத்துல கெட்டியா ஒட்டிக்கும், தல சுத்துதேன்னு நெனைக்கிறதுக்குள்ள கால் நிக்காது, அப்புறம் எங்க தாழ்ப்பாளத் தொறக்குறது. ஊருக்கு வர்ற ஆளுக்கு இதெல்லாம் தெரியுமா, குளிருதேன்னு இன்னும் அஞ்சு நிமிசம் சேத்து நிப்பாங்க.

அடுத்தது பெரிய லாட்ஜுகள்ல மொட்டமாடில வைக்குற 300, 500 லிட்டர் டாங்க். தண்ணி சூடானா விரியும், 12 டிகிரில இருக்குற 300 லிட்டர 60க்குக் கொண்டுபோனா சுமாரா 5 லிட்டர் கூடும். திரும்பிப் போக விடாம கீழ நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கும், அப்ப அந்த 5 லிட்டர் எங்க போகும், சேஃப்டி வால்வு வழியாச் சொட்டும். சொட்டத்தான் அத வச்சிருக்கு, தொந்தரவா இருந்தா விரியுற தண்ணிய வாங்கிக்குற எக்ஸ்பான்ஷன் டாங்க் ஒண்ணு போட்டாச் சரியாப் போச்சு. ஆனா ஓனருக்கு அது செலவு, தண்ணி வீணாப் போகுது ஒரு டம்மி அடிச்சு விடுப்பான்னு சொல்லுவாங்க, டம்மின்னா அந்த வாய மூடுற அடைப்பு. நான் அடிக்க மாட்டேன்னு வந்த எடத்துல மறுநாள் வேற பையன் வந்து 200 ரூபாய்க்கு அடிச்சிட்டுப் போயிருக்கான். அன்னைக்கு சூடு ஏறுனதும் கரண்ட கட் பண்ற தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கிச்சுன்னா முடிஞ்சுது, மூடுன டாங்குக்குள்ள தண்ணி 100 டிகிரிய தாண்டியும் கொதிக்காம நிக்கும், டாங்க் கிழிஞ்ச நொடி ஆவியாகுற ஒவ்வொரு லிட்டரும் 1600 லிட்டருக்கு மேல இடம் கேக்கும். கீழ ரூம்ல படுத்திருக்குறது அடுத்தவன் புள்ள.

கரண்டப் பத்தி தனியா ஒரு மனுவே எழுதலாம். வீட்டுக்கு வாங்குன சிங்கிள் பேஸ் லைன்ல எட்டு ரூம் ஹோம்ஸ்டே ஓடுது, ரூமுக்கு ஒரு 2 கிலோவாட் கீசர், காலைல ஆறுல இருந்து எட்டுக்குள்ள அத்தனையும் ஒண்ணாப் போடுவாங்க. எர்த்துன்னு ஒரு கம்பிய பாறைல அடிச்சிருப்பாங்க, ஈரமே இல்லாத பாறைல அடிச்ச கம்பி எதுக்கு ஆகும், துணி காயப்போடத்தான் ஆகும். கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணாச்சும் இருந்தா உசுரு தப்பும், பாதி எடத்துல அதுவும் கெடையாது. இதக் கேட்டா பெட்டில இருக்குற ஐஎஸ்ஐ முத்திரையக் காட்டுவாங்க. அந்த முத்திரை கம்பெனிக்காரன் செஞ்ச சாமானுக்கு, நாங்க மாட்டுன லட்சணத்துக்கு இல்ல.

இத யாருகிட்ட போய்ச் சொல்றதுன்னும் அலைஞ்சு பாத்துட்டேன். பாய்லர் ஆபீஸ்ல 100 டிகிரிக்குக் கீழ தண்ணி காய வைக்குற சாமான் பாய்லர் கணக்குலயே வராதுங்குறாங்க, உண்மைதான், 2025ல வந்த புது பாய்லர் சட்டத்துலயும் அந்த விலக்கு அப்படியே இருக்கு. கேஸ் ஏஜென்சில சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் வரைக்கும்தான் எங்க பொறுப்புங்குறாங்க, கரண்ட் ஆபீஸ்ல மீட்டர் வரைக்கும். ஆக டியூபுக்கும் மீட்டருக்கும் அப்பால குளிக்குற ஆளுக்குப் பொறுப்பு யாருமே இல்ல. 2024 மே 7ல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி மலைக்கு ஏறுற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் பாக்குறீங்க ஐயா, அந்த வண்டில வந்தவங்க குளிக்குற பாத்ரூம எட்டிப் பாக்க ஒரு ஆள் இல்ல.

புதுசா சட்டம் போடச் சொல்லல. லாட்ஜுக்காரங்க தாசில்தார் ஆபீஸ்ல 1965ஆம் வருச பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி ஃபார்ம் டி லைசன்ஸ் வாங்குறாங்க, கட்டடம் உறுதியா இருக்குன்னு இன்ஜினியர் சர்டிபிகேட்டும் குடுக்குறாங்க. அதோட ஒரே ஒரு தாள் சேத்துக் கேளுங்க: கேஸ் கீசர் பாத்ரூமுக்கு வெளிய இருக்கு, புகைக்குழாய் வானத்தப் பாத்து இருக்கு, சேஃப்டி வால்வுல டம்மி இல்ல, எர்த்தும் ஆர்சிசிபியும் டெஸ்ட் பண்ணியாச்சுன்னு லைசன்ஸ் உள்ள வயர்மேனும் மாட்டுன பிளம்பரும் பேரு போட்டுக் கையெழுத்து போடட்டும். கையெழுத்துன்னு வந்தா எங்க ஆளுங்களே டம்மி அடிக்க யோசிப்பாங்க, அத நான் அடிச்சுச் சொல்லுவேன். ஹோம்ஸ்டேகளுக்கு டூரிசம் பதிவு பண்றப்ப இதே தாளக் கேக்கலாம். பதிவே இல்லாம ஓடுறதுகள என்ன பண்றதுன்னு நீங்கதான் சொல்லணும், அதுகதான் எண்ணிக்கைல சாஸ்தி.

இன்னொண்ணு, சூட்டக் குறைச்சு வச்சா சரியாப்போகும்னு யாராச்சும் யோசனை சொன்னா ஒத்துக்காதீங்க. 40 டிகிரி பக்கத்துல டாங்க்ல தண்ணி நின்னா லெஜியோனெல்லாங்குற கிருமி வளரும், அதனால டாங்க்ல 60 இருக்கணும். ஆனா 60 அப்படியே ஷவர்ல வந்தா அஞ்சு செகண்ட்ல தோல் வெந்துரும், கொழந்தைக்கு அதுக்கும் முன்னாடி. ஷவருக்கு முன்னாடி பச்சத்தண்ணியக் கலந்து சூட்டக் குறைக்குற மிக்ஸிங் வால்வு போடணும், அந்தத் தாள்ல இதையும் ஒரு வரி சேத்துக்குங்க.

எல்லாத்தையும் ஒரே மாசத்துல முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஏப்ரல் சீசனுக்கு முன்னாடி பாத்ரூமுக்குள்ள இருக்குற கேஸ் கீசர்கள மட்டுமாச்சும் கழட்டச் சொல்லி ஒரு உத்தரவு போடுங்க. கழட்டி வெளிய மாட்ட அரை நாள் வேலை, ஆள் கெடைக்கலன்னு சொன்னா எங்க பசங்க இருக்கோம். உங்க ஆபீசர் யாரையாச்சும் அனுப்புனா எந்தச் செவுத்துல என்ன இருக்குன்னு கூடவே வந்து காட்டுறேன், காலைல மட்டும் வேணாம், காலைலதான் எல்லாரும் சுடுதண்ணி வரலன்னு கூப்பிடுவாங்க.

போட்டோ நாலு இணைச்சிருக்கேன். லாட்ஜ் பேரு தெரியாத மாதிரி எடுத்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிளம்பர், கொடைக்கானல்.