கீழ்ப்பக்கச் சுவரோரத் திருப்பணி: பங்காளிகளுக்குக் கணக்கும் விளக்கமும்

வீட்டில் பங்குள்ள குடும்பங்களான புள்ளிகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பெரிய வீட்டின் கீழ்ப்பக்கச் சுவரோரம் கிடந்த ஜல்லியை அள்ளிவிட்டு அருகம்புல் பதிக்கும் வேலை ஆவணியிலேயே முடிந்தது. ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் தை வரை காத்திருந்தோம். “புல் வளர்க்க 1,86,500 ரூபாயா?” என்ற கேள்வி வேலையைப் பார்த்துக்கொண்ட எங்கள் காதுக்கும் வந்தது.

செலவு சுவருக்காக. களை முளைக்காமலிருக்க முன்பு பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் அரை அடி உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி பரப்பியிருந்தோம். சருகும் புழுதியும் சேர்ந்து ஜல்லியின் சந்துகள் அடைத்துக்கொண்டன. சரிவும் சுவர்ப் பக்கமாகவே இருந்ததால் மழைத் தண்ணீர் அங்கேயே நின்றது. தாளுக்கு அடியில் போன ஈரம் ஆவியாகவும் வழியில்லை. போதாததற்குச் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் நாமே சிமெண்ட் பூசியிருந்தோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஓதம், அதாவது மண்ணின் ஈரம், சுவரில் மேலே ஏறி, இரண்டாங்கட்டு அறைகளில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்தது.

தாளை உரித்தபோது கோடை மழை நின்று இருபது நாள் ஆகியிருந்தது. அடிமண் இன்னும் கறுத்து, கையில் ஒட்டியது. ஆச்சி ஒரு பிடி எடுத்து உருட்டி, ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். 1,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ஜல்லியை அள்ளிய மறுநாள், எங்களில் ஒருவரும் ஊரில் இல்லாதபோது, ஏழு டிராக்டர் செம்மண்ணைக் கொட்டி நிரவிவிட்டார். சுவரடியில் ஓடும் கருங்கல் வரி முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. அந்த வரி தெரிந்தால்தான் செங்கல்லுக்கு ஈரம் எட்டாது. “புல்லுக்கு மண் வேண்டாமா?” என்றார். அள்ளச் சொன்னோம், மறுத்து, மூன்று வாரம் ஆளனுப்பவில்லை. “விட்டுவிடுங்கள்” என்று நம்மவர்களே சிலர் சொன்னார்கள். விட்டிருந்தால் ஜல்லிக்குப் பதில் மண் என்பதைத் தவிர ஒன்றும் மாறியிருக்காது. வேறு ஆட்களை வைத்து அள்ளினோம்: கூலி 27,000, டிராக்டர் 11,500. நாம் பூசிய சிமெண்ட்டைப் பெயர்த்தபோது பழைய பூச்சும் சேர்ந்து வந்ததால் சுண்ணாம்புக்கு 8,000. கூடுதல் செலவு 46,500 இதுதான். ஒப்பந்தக்காரரிடம் பிடித்தம் செய்திருக்கலாமே என்பது நியாயம். ஒப்பந்தத் தாளில் “மட்டமாக்கித் தர வேண்டும்” என்று மட்டும் எழுதி, எந்த மட்டம் என்று எழுதாதது எங்கள் தவறு.

சிமெண்ட் தளம் போட்டிருக்கலாம் என்றவர்களுக்கு: தளத்துக்கு அடியிலும் ஈரம் இருக்கும், அது வெளியேறச் சுவரைத்தான் தேடும். புல்லைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித்தான் பதித்திருக்கிறோம். அருகு நம் மண்ணின் புல்; வேர் பிடித்த பிறகு அடிக்கடி தண்ணீர் கேட்காது. தரை பத்தடிக்கு அரை அடி வெளிப்பக்கம் சரிகிறது. சுண்ணாம்புப் பூச்சைக் காரைக்குடிக் கொத்தனார் முடித்தார்.

ஜல்லியை யாரும் விற்கவில்லை. நாலரை யூனிட்டும் பின்கட்டு வண்டிப்பாதையில் கிடக்கிறது.

வரவு: 18 புள்ளிகள், தலைக்கு 8,000 வீதம் 1,44,000. சிங்கப்பூர் அண்ணன் 30,000, மதுரை ஆச்சி 10,000, கோயம்புத்தூர்த் தம்பி 5,000. புல் பதித்த நான்கு நாளும் சாப்பாடு மேலவீட்டு ஆச்சி. தண்ணீர் லாரி சென்னை அண்ணன். மண்வெட்டி, கூடைகள் அடுத்த வளவுச் சித்தப்பா. கையிருப்பு 2,500.

கார்த்திகை அடைமழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். கருங்கல் வரி ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை உலர்ந்திருந்தது. அறைகளில் உள்ள பழைய உப்பு உதிர இன்னும் நாளாகும். அதுவரை உள்ளே வெள்ளையடிக்க வேண்டாம். சுவரோரம் பூந்தொட்டியும் வைக்க வேண்டாம். ரசீதுகள் முகப்பு அலமாரியில் இருக்கின்றன; முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.